நேற்று அதிகாலை நான்கு மணியிலிருந்து என்ன செய்தீர்கள்?

பாளையங்கோட்டை வாசி:

2019-ஆம் ஆண்டு. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் வந்து நின்று, மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகத்திலிருந்து வருவதாக அடையாள அட்டையைக் காட்டினார். ஏதோ ரேஷன் கார்டு சமாச்சாரம் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு. "நேற்று அதிகாலை நான்கு மணியிலிருந்து இன்று அதிகாலை நான்கு மணி வரை என்ன செய்தீர்கள்? அரை மணி அரை மணியாகச் சொல்லுங்கள் அக்கா."

"என்ன செய்தேன், வீட்டில் சும்மாதான் இருந்தேன்" என்றேன். அந்தப் பெண் சிரிக்கவுமில்லை, விடவுமில்லை. "நான்கிலிருந்து நாலரை?" தூக்கம். "நாலரையிலிருந்து ஐந்து?" அதுவும் தூக்கம்தான். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதற்குப் பிறகு நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பதிவு செய்து முடியவில்லை. ஒரே அரை மணிக்குள் இட்லி ஊற்றியது, மகளுக்குத் தலை பின்னியது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது எல்லாம் இருந்தன. பத்து நிமிடத்துக்குக் குறையாமல் செய்த வேலை என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமாம்.

மதியம் இரண்டரைக்கு வந்தபோது, "டிவி பார்த்தேன்" என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னேன். "கையில் ஏதும் வேலை இருந்ததா?" என்றார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அதையும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு கேள்வியைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. நான் ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்திலும் மடியில் ஒரு முறம் இருந்திருக்கிறது.

ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் கேட்பார்கள் என்பதால் என் வீட்டுக்காரரின் முறையும் வந்தது. அவர் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழுந்து, குடித்த காபி டம்ளரைத் தாமே கழுவி வைத்தார்! மறுநாள் பழையபடி மேஜையில்தான் இருந்தது, அது வேறு கதை.

அந்த ஆய்வின் முடிவு மறு வருடம் வெளியானது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அப்போது நாளொன்றுக்கு அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டிருக்கிறார்கள். ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால்.

உங்கள் நேரத்தை உங்களுக்கே காட்டிக்கொடுத்தவர் யாராவது உண்டா? பகிருங்கள்.

அரக்கோணம் லோக்கல்:

எனக்கு ஒரு பூக்கார அம்மா. அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரல் 69 கிலோமீட்டர். போக வர நாளில் மூன்றரை மணி நேரம் ரயிலில்தான். ஏறியதும் போனை எடுத்தால் பேசின் பிரிட்ஜ் வரும்வரை கீழே வைக்க மாட்டேன். அந்த அம்மா திருவள்ளூரில் ஏறுவார். கூடை நிறைய உதிரி மல்லிகை, விரலில் ஈரமான வாழை நார். ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் என்று ஊர்கள் போகப்போக உதிரி குறைந்து சரம் வளரும். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக வண்டி நிற்கும்போது நாங்களெல்லாம் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருப்போம். அவர் மட்டும், "இன்னும் இரண்டு முழம் இருக்கிறது, மெதுவாகப் போகட்டும்" என்பார்.

ஒரு நாள் என்னைப் பார்த்து, "தம்பி, தினமும் அந்தப் போனில் எதையோ தேடுகிறாயே, இன்னுமா கிடைக்கவில்லை?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

அந்த வாரமே ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடப்புத்தகத்தை எடுத்தேன். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்துதான். ஆறு முதல் பத்து வரையிலான புத்தகங்களை அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் இடையில் மட்டுமே படித்து ஏழு மாதத்தில் முடித்தேன். கணக்கு மட்டும் ரயிலில் ஓடவில்லை, நின்றுகொண்டு போடுகிற வேலை இல்லை அது. முதல் முயற்சியில் தேறவில்லை. இரண்டாவது முறை எழுதியிருக்கிறேன், முடிவு வரவில்லை.

ஈரோடு கடைக்காரன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அரை மணிக்கு ஒரு கோடு போட்ட டைரி வாங்கி எழுதிப் பார்த்தவன் நான். மூன்றாம் நாளே கிழித்துப் பொட்டலம் மடித்துவிட்டேன். சரக்கு லாரியும் வாடிக்கையாளரும் டைரியைப் பார்த்து வருவதில்லை.

எனக்கு உதவியது எங்கள் ஆடிட்டரின் ஒரு வாக்கியம். ஜிஎஸ்டி விற்பனை விவரம் 11-ஆம் தேதிக்குள், வரி கட்டுகிற 3பி படிவம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். நான் இரவு பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டு, தூக்கக் கலக்கத்தில் பில்களைக் கூட்டி, மாதா மாதம் தப்பும் தவறுமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "உங்கள் கடையில் ஈ ஓட்டுகிற நேரம் எது?" என்று கேட்டார். மதியம் இரண்டு முதல் நான்கு. "பில்லை அப்போது கூட்டுங்கள்." அவ்வளவுதான். இப்போது பத்தேகாலுக்கு வீட்டில் சாப்பிட உட்காருகிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

பணியில் இருந்தவரை மணி அடித்தால் எழுந்தேன், மணி அடித்தால் உட்கார்ந்தேன். ஓய்வுக்குப் பிறகு நேரம் கொட்டிக் கிடக்கும் என்று நம்பியிருந்தேன். நடந்தது என்னவென்றால், நாளிதழைப் படித்து முடிக்கவே பதினோரு மணி ஆனது.

பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நாள் தக்காளி வடிவக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். 1980-களின் கடைசியில் ஓர் இத்தாலிய மாணவர் சமையலறைத் தக்காளிக் கடிகாரத்தைத் திருகி வைத்துப் படித்தாராம். 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு ஐந்து நிமிடம் இடைவெளி. "தாத்தா, இது புது முறை" என்றாள். நான் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினேன். நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். அவள் பயந்து பயந்து தவிர்க்கிற ராகு காலம் மூன்றே முக்கால் நாழிகை. அடியில் துளையிட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை வைத்து நாழிகையைக் கணக்கிட்டவர்கள் நம் ஆட்கள். "ஒரு நிமிடம் குறைகிறதே தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பெருமை பேசினாலும் பயன்படுத்துவது அவளுடைய தக்காளியைத்தான். தினமும் நான்கு முறை திருகுகிறேன். முப்பது வருடமாகப் பெட்டியில் கிடந்த அப்பாவின் நிலப் பத்திரங்களையும் கடிதங்களையும் பிரித்து, தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். 1962 வரை வந்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை வாசி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, உங்கள் தக்காளி எனக்கு ஒத்துவராது. 25 நிமிடம் என்னை யாரும் கூப்பிடாமல் இருந்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

நான் செய்தது ஒன்றுதான். இரண்டரையிலிருந்து மூன்று வரை கீரையும் இல்லை, டிவியும் இல்லை. பின்வாசல் படியில் உட்காருகிறேன். முருங்கை மரத்தில் அணில் ஓடுவதைப் பார்ப்பேன், சில நாள் கண்ணை மூடிக்கொள்வேன். அதில் என்ன பயன் என்று கேட்காதீர்கள். முதல் வாரம் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்து, "ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார்கள்.

நேற்று என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து, "சர்க்கரை டப்பா எங்கே?" என்று குரல் கொடுத்தார். மணி இரண்டு ஐம்பது. நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு டப்பா மூடி திறக்கும் சத்தமும் கேட்டது.