புவி வெப்பமும் நம்ம வண்டிகளும்: நீங்கள் பட்ட வாக்குவாதங்களைச் சொல்லுங்கள்

ஈசிஆர் ஞாயிறு, சென்னை:

கார் பைத்தியங்கள் நாலு பேர் கூடும் இடத்தில் பருவநிலை மாற்றம் என்று ஆரம்பித்துப் பாருங்கள். ஒருவர் டீ சொல்லப் போய்விடுவார், ஒருவர் போனை எடுப்பார், மீதி இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். "பூமி சூடாகுதுன்னு கதை விட்டு நம்ம டீசல் வண்டியைப் பிடுங்கப் பார்க்குறானுங்க" என்பது எங்கள் கூட்டத்தில் பல வருடமாக ஓடும் வசனம். சொல்பவர் என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பெரிய டீசல் எஸ்யூவி வைத்திருக்கிறார். வீடு வேளச்சேரியில்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன் வண்டியும் அதில் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் மிக்ஜாம் புயலில் அவர் தெருவே தண்ணீரில் நின்றதால் இந்த முறை உஷாராகிவிட்டார். "என்னண்ணே, பொய்னு சொன்னீங்க, வண்டி பாலத்துல ஏறிடுச்சே" என்று சீண்டினேன். "டேய், இது சதுப்பு நிலத்தை மூடி வீடு கட்டினதால வர்ற தண்ணி" என்றார். அதில் பாதி உண்மைதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எவ்வளவு சுருங்கிப் போனது என்பது ஊருக்கே தெரியும். மீதிப் பாதியை நான் சொன்னேன்: காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7 சதவீதம் அதிகமாக நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டிவிடும். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இன்சூரன்ஸில் கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்க்கும் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் பற்றித்தான் கேட்டார். கேட்க வேண்டியதுதான். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதாரண பாலிசியில் பணம் வாங்குவது குதிரைக் கொம்பு.

இதுபோல நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள். எலெக்ட்ரிக், ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது), இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), டீசல், எதுவானாலும் சரி.

கொண்டை ஊசி, மேட்டுப்பாளையம்:

எலெக்ட்ரிக் கார் வாங்கிய புதிதில் எங்கள் ஊர் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஊட்டி ஏறுமா?" என்பதுதான். அடுத்து, "ஏறி எங்கயாவது நின்னுட்டா யார் தள்ளுறது?"

ஏறுவது பெரிய விஷயமே இல்லை. சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை முதல் நொடியிலேயே கிடைப்பதால் கல்லாறு தாண்டி வரும் வளைவுகளில் கியர் மாற்றித் திணற வேண்டியதில்லை. ஆனால் பேட்டரி சரசரவென இறங்கும். என்னுடையது 30 யூனிட் பேட்டரி, குன்னூர் வழியாக ஊட்டி போய்ச் சேரும்போது ஏறக்குறைய பாதி காலி. பார்த்த நண்பர் ஒருவர், "சொன்னேன்ல" என்று குரூப்பில் போட்டோ போட்டார்.

இறங்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். நாலு பேரோடு 1,700 கிலோ எடையுள்ள வண்டி இவ்வளவு உயரம் இறங்கினால், பள்ளிக்கூட இயற்பியல் கணக்குப்படி சுமார் 9 யூனிட் ஆற்றல் வெளியே வரவேண்டும். சாதாரண வண்டியில் அது மொத்தமும் இன்ஜின் பிரேக்கிங்கிலும் பிரேக் லைனர் சூட்டிலும் போகிறது. பர்லியாறு பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சக்கரத்திலிருந்து கருகல் வாசனையோடு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த 9 யூனிட்தான் அது. எலெக்ட்ரிக்கில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடிக்கிறது. டயர் உராய்வு, காற்று, மாற்றுகிற இழப்பு எல்லாம் போக எனக்கு 4 யூனிட் போல பேட்டரிக்குத் திரும்புகிறது. கீழே வந்து சேரும்போது மீட்டரில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். போட்டோ போட்ட அதே நண்பரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து இறங்கினேன். மரப்பாலம் வரை பேசிக்கொண்டே வந்தவர், அப்புறம் சாலையை விட்டுவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஊட்டியில் தங்கி இரவெல்லாம் 100 சதவீதம் சார்ஜ் போட்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் ரீஜென், அதாவது இந்த மோட்டார் பிரேக்கிங், வேலை செய்யாது, முழு பாரமும் பிரேக் மேல் விழும். 80 போதும்.

டார்க் ராஜா, மதுரை:

நான் டீசல் கட்சி. என்னை யாரும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

நீண்ட தூரத்துக்கு டீசல்தான் சிக்கனம். ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட அதிக ஆற்றல், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் விகிதமும் அதிகம். அதனால் அதே வேலைக்குக் குறைவாகக் குடிக்கும். கார்பன் டை ஆக்சைடு கணக்கை மட்டும் பார்த்தால் பெட்ரோலைவிட என் வண்டி சுத்தம். இதைச் சொன்னால் நம்ம பெட்ரோல் நண்பர்களுக்கு முகம் மாறும்.

ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வாங்கிய என் மச்சானுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தினமும் வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு, அவ்வளவுதான் ஓட்டம். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிந்தது. புகைக்கரியைப் பிடிக்கும் அந்த ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும், ஊருக்குள் உருட்டினால் அது வராது. வண்டி கூடுதல் டீசலைப் பீய்ச்சிச் சூடாக்கப் பார்க்கும், பாதியில் இவர் இன்ஜினை அணைத்துவிடுவார். மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஒருநாள் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் குறைவதுதானே வழக்கம்? இதில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. துடைத்து முகர்ந்தால் பங்க் வாசனை. சர்வீஸ் சென்டரில் "நீங்க ஓட்டுற விதம் சரியில்ல சார்" என்று முடித்துவிட்டார்கள். விற்கும்போது ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்பதுதான் மச்சானின் கோபம். ஹைவே ஓட்டம் இல்லாதவர்கள் டீசல் வாங்காதீர்கள். கட்சிக்காரனே சொல்கிறேன்.

ஓஎம்ஆர் ஹைபிரிட், சென்னை:

என் ஹைபிரிட்டைப் பார்த்து பங்கில் பையன் கேட்பான், "சார், இதுக்கு சார்ஜ் எங்க போடணும்?" எங்கேயும் போட வேண்டாம் தம்பி. கார் நண்பர்களோ வேறு விதம். மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி அப்புறம்தான் நகர்கிறது, ரப்பர் பேண்ட் மாதிரி இழுக்கிறது என்று கிண்டல். கேட்டுக்கொள்கிறேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் இன்ஜின் அணைந்து ஏசி மட்டும் பேட்டரியில் ஓடும்போது நான் அவர்களை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். 1997-இல் ஜப்பானில் டொயோட்டாவின் ஹைபிரிட் கார் பிரியஸ் வந்தபோது செய்த கிண்டலைத்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். டேங்க் ஃபுல் செய்து, மறுபடி ஃபுல் செய்து பார்த்தால் நெரிசலிலேயே லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கிறது. இதற்கு முன் வைத்திருந்த டர்போ பெட்ரோல் அதே சாலையில் 10-ஐத் தாண்ட அழும்.

ஈசிஆர் ஞாயிறு, சென்னை:

எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் அவரவர் வண்டிதான் சுத்தமான வண்டி! கொண்டை ஊசி சார், எங்கள் அண்ணன் எப்போதும் வைக்கும் கேள்வி ஒன்று: "உன் கரண்ட்டு நிலக்கரியிலதானடா வருது?"

லைன்மேன் மகன், நாகர்கோவில்:

அந்தக் கேள்விக்கு நான் வருகிறேன். சண்டை போடாமல் கணக்குப் போடுவோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம் நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்கு போல நிலக்கரிதான், எல்லாம் கலந்து பார்த்தால் யூனிட்டுக்கு 0.7 கிலோ சுமார். 100 கிலோமீட்டர் ஓட கொண்டை ஊசியின் வண்டி போன்றதற்குச் சுவரில் உள்ள மீட்டரில் 16 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 11 கிலோ. 14 மைலேஜ் தரும் பெட்ரோல் எஸ்யூவி 16 கிலோவுக்கு மேல். 22 தரும் ஹைபிரிட் பத்தரை. பெட்ரோலை எடுத்து, சுத்திகரித்து, லாரியில் கொண்டு வருவதையும் சேர்த்தால் ஹைபிரிட்டும் 12-ஐத் தாண்டும். அதாவது இன்றைய மின்சாரத்தில் நல்ல ஹைபிரிட்டும் எலெக்ட்ரிக்கும் ஏறக்குறைய ஒன்று. பேட்டரி செய்யும்போது வெளியாகும் புகையையும் எலெக்ட்ரிக் கணக்கில் எழுத வேண்டும். அண்ணன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஹைபிரிட் பத்து வருடம் கழித்தும் அதே பத்தரைதான் கக்கும். எலெக்ட்ரிக் அப்படியில்லை. எங்கள் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றுவதை வந்து பாருங்கள். மின்சாரம் சுத்தமாக ஆக, வாங்கி வைத்த வண்டியும் தானாகச் சுத்தமாகும். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் தரும், மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். பகலில் வண்டி வீட்டில் நிற்பவர்களுக்கு இதைவிட லாபம் எதுவும் இல்லை.

கார்புரேட்டர், திருச்சி:

நீங்கள் எல்லாம் புது வண்டிக்காரர்கள். என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் கார்புரேட்டர் வண்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய பாகம் உள்ளது. பழைய கார் கண்காட்சிக்குப் போனால் இப்போது பெயின்ட் பற்றியோ குரோம் பற்றியோ யாரும் பேசுவதில்லை, இ20 பற்றித்தான். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்குவது இயற்கை. 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே இ20-க்காகச் செய்யாத கார்களில் 6, 7 சதவீதம் குறையலாம் என்று சொன்னது. பசுமை எரிபொருள் என்கிறார்கள், சரி, ஆனால் கரும்பு குடிக்கும் தண்ணீரைக் காவிரிக் கரையில் இருக்கும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரை யாராவது கணக்கில் எழுதுங்கள்.

என் கவலை வேறு. எரிபொருள் ஹோஸ் பிசுபிசுவென்று ஊறிப் போயிருக்கிறது. மாற்றிவிட்டால் போதுமா, கார்புரேட்டரையும் பார்க்க வேண்டுமா?

பட்டறை, சேலம்:

சார், ஹோஸ் மட்டும் மாற்றினால் போதாது. ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரம், நீடில் வால்வு முனையில் உள்ள ரப்பர், கேஸ்கெட் எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அடியில் தண்ணீர் தங்கினால் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டில் பச்சை பூத்துவிடும்.

மற்றவர்களுக்கு ஒன்று. எந்த வண்டியாக இருந்தாலும் டயர் காற்றைப் பார்த்துவிட்டு மைலேஜ் பற்றிப் பேச வாருங்கள். என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்குக் காற்று குறைவு. அப்புறம் ஹைவேயில் 80-இல் போவதற்கும் 110-இல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹைபிரிட் வாங்கி 120-இல் விரட்டிக்கொண்டு வந்து, "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று என் பட்டறையில் நிற்பவர்களிடம் என்ன சொல்வது?