10,000 ரூபா மானியமா கடனா? திருவிழாக் கடைக்காரருக்கு எது கிடைக்கும்?

டவுன்காரி
ஜூன் 2021, திருநெல்வேலி டவுன்

எங்க அப்பா திருவிழாக் கடை போடுதாவ. பாசி, வளையல், ரிப்பன், ஊதல், சாவி குடுத்தா ஓடுற கார். ஆனிக்கு நெல்லையப்பர் கோயில், ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையனார் கோயில், சாரல் விழுந்தா குத்தாலம், அப்புறம் குலசை தசரா. நடுவுல சும்மா கிடக்குற நாள்ல வாகையடி முக்குல தள்ளுவண்டி. போன வருஷம் மார்ச்சுல இருந்து இதுல ஒண்ணும் கிடையாது. ரெண்டு ஆனியா தேர் நிலையத்த விட்டு அசையல. தை மாசம் கொஞ்சம் நடமாட்டம் வரவும், இனி பரவால்லன்னு மதுரை விளக்குத்தூண் பக்கம் போயி சரக்கு எடுத்துட்டு வந்தாவ. மூட்டைய இன்னும் பிரிக்கவே இல்ல.

ரேஷன்ல ரெண்டு தடவையா 4,000 ரூபா வந்துச்சு, 14 மளிகைச் சாமானும் வாங்கியாச்சு. அது வீட்டுக்கு. நான் கேக்கது கடைக்கு.

"கொரோனாவால் பாதிக்கப்பட்ட சிறு வியாபாரிகளுக்கு உள்ளாட்சி மூலம் 10,000 மானியம், திருப்பிச் செலுத்த வேண்டாம்"னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது. எங்க தெருவுல ஒருத்தர் ஃபாரம் எழுதித் தர 500 ரூபா கேக்காரு. பக்கத்து வீட்டு அத்தைக்கு மகன் லண்டன்ல கடை வச்சிருக்கான். அவனுக்கு அங்க கவுன்சில்ல இருந்து (நம்ம மாநகராட்சி மாதிரி) பத்தாயிரம் சும்மாவே வந்துச்சாம், அதனால இதுவும் நெசந்தான்னு அத்தை அடிச்சுச் சொல்லுதாவ. அப்பாவுக்கு கடன்னாலே ஆகாது, கந்துவட்டி வாங்கிப் பட்டது போதும்பாவ. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய கேஷியர்
பாளையங்கோட்டை

ஏம்மா, முதல்ல அந்த 500-ஐ யாருக்கும் குடுத்துறாத. வங்கியில கேஷ் கவுண்டர்ல உக்காந்தே ரிட்டையர் ஆனவன் நான். இந்த மாதிரி நோட்டீஸோட வந்து நின்னவங்களை நிறையப் பாத்தாச்சு.

இங்க இருக்கது பிரதமர் ஸ்வநிதி. மத்திய அரசு 2020 ஜூன்ல ஆரம்பிச்சது. தெருவோர வியாபாரிக்கு ஜாமீன் கேக்காம 10,000 வரைக்கும் கடன். கடன்தான், மானியம் இல்ல. 12 மாசத் தவணையில கட்டணும். மாநகராட்சி கையில இருந்து ஒரு பைசா வராது. இவரு நம்ம ஊர்ல கடை போடுதவர்தான்னு சொல்லுதது மட்டும் அவங்க வேலை. பணம் வங்கி தரும்.

மானியம்ங்கிற பேச்சு வட்டியில இருந்து வந்துச்சு. ஒழுங்கா கட்டுனா வட்டியில 7 சதவீதத்தை அரசு நம்ம கணக்குல திருப்பிப் போடும். 12 சதவீத வட்டின்னு வச்சுக்க, அதுல 7 அரசு தலையில, 5 நம்ம தலையில. மாசம் 888 ரூபா சொச்சம், வருஷத்துக்கு வட்டி 660 ரூபா கிட்ட. அதுல நானூறுக்குக் கொஞ்சம் கீழ திரும்பி வரும். க்யூஆர் அட்டை வச்சு போன்ல காசு வாங்குனா மாசத்துக்கு அதிகபட்சம் 100 ரூபா ஊக்கத்தொகை. ஆனா கார் பொம்மை வாங்க வர்ற பிள்ளைக கையில சில்லறைதானே இருக்கும்! முதல் கடனை அடைச்சா அடுத்தது 20,000.

யாருக்குக் கிடைக்கும்னா, 2020 மார்ச் 24-க்கு முன்னாடியே நகரத்துக்குள்ள வியாபாரம் பண்ணிட்டிருந்தவங்களுக்கு. மாநகராட்சி கணக்கெடுப்புல அப்பா பேரு இருக்கான்னு பாரு. இருக்காதுன்னுதான் நினைக்கேன். கணக்கெடுக்க ஆள் வந்த அன்னைக்கு அப்பா எந்தக் கோயில் கொடையில கடை போட்டிருந்தாரோ! விட்டுப்போனவங்களுக்குன்னு பரிந்துரைக் கடிதம் ஒண்ணு இருக்கு, அதை மாநகராட்சியில கேட்டு வாங்கணும். வாகையடி முக்கு வண்டியச் சொல்லிக் கேளு, திருவிழாக் கடையச் சொல்லாத. குலசையும் சொரிமுத்தையனார் கோயிலும் நம்ம மாநகராட்சிக் கணக்குல வராது.

என்னயக் கேட்டா, பேரைப் பதியுத வேலைய இப்பவே முடி, பணத்தை இப்ப வாங்காத. தேர் ஓடாத வருஷத்துல சரக்கு எடுத்து என்ன செய்ய? தவணை மட்டும் மாசாமாசம் வந்து நிக்கும். திட்டம் 2022 மார்ச் வரைக்கும் இருக்கு.

ஈஸ்ட்ஹாம் நெல்லைக்காரன்
லண்டன்

அத்தை சொன்னது பொய்யில்ல, ஆனா அது பவுண்டு! எனக்கும் வந்துச்சு. சின்ன மளிகைக் கடைதான், முறுக்கு, அப்பளம், கருவாடு எல்லாம் வச்சிருக்கேன்.

இங்க வியாபாரக் கட்டடத்துக்குன்னு கவுன்சில் வரி போடும். கட்டடத்தோட ஆண்டு வாடகை மதிப்பு 15,000 பவுண்டுக்குள்ள இருந்தா சின்னக் கடைன்னு வரிச்சலுகை உண்டு. அந்தச் சலுகைப் பட்டியல்ல இருந்தவங்களுக்கு 2020 வசந்தத்துல தலைக்கு 10,000 பவுண்டு குடுத்தாங்க. சில்லறைக் கடை, ஓட்டல் மாதிரி இடங்கள் அதுக்கு மேல 51,000-க்குள்ள இருந்தா 25,000. பணம் பிரிட்டன் சர்க்காரோடது, பங்கு வச்சுக் குடுத்தது கவுன்சில். திருப்பிக் கட்ட வேண்டாம், ஆனா வருமானத்துல சேத்து வரி கட்டணும். யாரு கடை எங்க இருக்குன்னு கவுன்சில் கையில ஏற்கனவே பட்டியல் இருந்துச்சு, அதனால எனக்கு ஒரு சின்ன ஆன்லைன் ஃபாரத்தோட வேலை முடிஞ்சது.

டவுன்காரி, உனக்கு இன்னொன்னு சொல்லணும். சந்தையில மேசை போட்டு விக்கிறவங்க பேருல அந்த வரிக் கணக்கே கிடையாது. முதல் சுத்துல அவங்களுக்கு ஒண்ணும் வரல. சத்தம் வந்த பிறகு மே மாசம் தனியா ஒரு நிதி ஒதுக்கி, யாருக்கு எவ்வளவுன்னு கவுன்சிலே பாத்துக் குடுங்கன்னு விட்டாங்க. உங்க அப்பா இந்த ஊர்ல இருந்திருந்தாலும் அந்த ரெண்டாவது வரிசையிலதான் நின்னிருப்பாரு. இப்ப அந்தத் திட்டமே இல்ல, போன ஆகஸ்டோட முடிஞ்சிட்டு. அத்தைகிட்ட சொல்லிரு.

பூக்காரி
பாளை மார்க்கெட்

நான் பிச்சி, மல்லி கட்டி விக்கேன். மக டைப் பண்ணித் தாரா.

நான் போன வருஷமே வாங்கிட்டேன். பேங்க்ல நாளைக்கு வா, மேனேஜர் இல்லன்னு நல்லா இழுத்தடிச்சாக. கடைசியில மாநகராட்சிக் கடிதத்தக் காட்டவும் குடுத்தாக. கேஷியர் அண்ணாச்சி இப்ப வாங்காதன்னு சொல்லுதாவ. அண்ணாச்சி, உங்களுக்கு பென்சன் வருது. கடை நடக்கலன்னா எங்களுக்கு தண்டல்காரர்தான். கையில 8,500 குடுத்துட்டு தினம் 100 வீதம் 100 நாள் வாங்குவாக. நூறு நாளைக்கு 1,500 ரூபா வட்டி! பேங்க்ல வருஷம் முழுக்க நீங்க சொன்ன 660 தான். நான் வாங்கின பத்தாயிரத்துல தண்டலத்தான் அடைச்சேன், பூ வாங்கல. எனக்கு அதான் லாபம். ஏம்மா, உங்க அப்பாவுக்கு வெளிய வட்டிக்கடன் ஏதும் நிக்கா? நின்னா நாளைக்கே போ. இல்லன்னா அண்ணாச்சி சொல்லுத மாதிரி பொறுத்துக்க.

இந்த மே மாசம் கோயிலும் கிடையாது, கல்யாணத்துக்கும் ஆள் கிடையாது. ஒரு தவணை நின்னு போச்சு.

பழைய கேஷியர்

அக்கா, நீங்க சொன்ன தண்டல் கணக்கு சரிதான். வட்டிக்காரர் வாசல்ல நின்னா நான் சொன்னத விட்டுருங்க, வாங்கிரணும். நின்ன தவணைய மட்டும் 90 நாளைக்கு மேல இழுக்க விடாதீங்க. வாராக்கடன்ல சேந்துட்டா வட்டி மானியமும் போயிரும், அடுத்த 20,000-மும் வராது.

டவுன்காரி

எல்லாருக்கும் நன்றி. அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். தண்டல் ஒண்ணும் இல்ல, மதுரை யாவாரிக்கு 3,000 ரூபா பாக்கி இருக்காம், அவரு வட்டி கேக்க மாட்டாராம். அதனால பேரை மட்டும் பதியச் சம்மதிச்சிட்டாவ. லண்டன் அண்ணாச்சி எழுதுனத அத்தைக்கு வாசிச்சேன், "அப்ப எம்மவன் எங்கிட்ட ரூபான்னுல்லா சொன்னான்"னு அங்க போன் போட்டு ஏசிட்டு இருக்காவ.

மாநகராட்சியில மெயின் ஆபீஸுக்குப் போகணுமா, டவுன் மண்டல ஆபீஸ் போதுமா?

பழைய கேஷியர்

மண்டல ஆபீஸ்ல கேளு, அங்க இல்லன்னா அவங்களே கை காட்டுவாங்க. ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக், போட்டோ. வியாபாரிகள் சங்க அட்டை ஏதும் இருந்தா அதும். போறதுக்கு முன்னாடி அப்பா ஆதார்ல எந்த மொபைல் நம்பர் இருக்குன்னு பாத்துக்க. ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். பழைய சிம்மத் தூக்கிப் போட்டிருந்தா முதல்ல ஆதார் மையத்துல போயி நம்பர மாத்திட்டு வா.