புதுப்பிப்பு: ஆன் ஆகாத கேமராவுக்கு வந்த ரிட்டர்ன் கோரிக்கை

முன்பு எழுதியது இதுதான்: 'உதிரி பாகங்களுக்கு மட்டும், ஆன் ஆகாது' என்று தெளிவாகப் போட்டு ஈபே என்ற ஆன்லைன் விற்பனைத் தளத்தில் நான் விற்ற கேமராவை, ஆன் ஆகவில்லை என்று சொல்லியே வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிடுங்கள் என்று சிலர் சொன்னீர்கள், நான் கொடுக்கவில்லை. தளத்தின் செய்திப் பகுதியிலேயே அந்த வரியையும் படங்களையும் காட்டிப் பதில் போட்டு, கெடு முடிவதற்குள் தளத்தையே தலையிடச் சொன்னேன், கோரிக்கையை மூடிவிட்டார்கள்.

எல்லா முறையும் இப்படி முடியாது. 'ரிட்டர்ன் கிடையாது' என்று போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. ஈபேயில் பொருள் விவரித்தபடி இல்லை என்றால் அந்த வரி செல்லாது, திருப்பி அனுப்பும் செலவும் விற்றவர் தலையில்தான். அதனால் எது ஓடாது, எந்தப் பாகம் இல்லை, எதைச் சோதிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஓடாது என்று தெரிந்தே 'சோதிக்கவில்லை' என்று மட்டும் போடுவது ஏமாற்று வேலை, அதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், சீரியல் எண்ணைப் படமெடுத்து வையுங்கள். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், பொருள் கைக்கு வந்து சரிபார்க்கும் முன் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.