லண்டன் தோட்டத்தில் பச்சைக்கிளிக் கூட்டம்: சின்னக் குருவிகளுக்குத் தீனி மிஞ்ச என்ன வழி?

கேள்வி:
குழாயில் சூரியகாந்திப் பருப்பும் கம்பிவலையில் வேர்க்கடலையும் தொங்கவிட்டிருக்கிறேன். ஏழெட்டுக் கிளிகள் வந்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டும் காலி. பிளாஸ்டிக் குழாயின் துளையையும் கடித்துப் பெரிதாக்கிவிட்டன. ராபின், டிட், கோல்ட்ஃபிஞ்ச் போன்ற சின்னக் குருவிகள் கிட்டவே வருவதில்லை. கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட புறாவும் வருகிறது. அதுவும் வெளியிலிருந்து கொண்டுவந்ததா?

பதில் 1:
வெளிக்கூண்டு உள்ள தீனிக்குழாய் வாங்குங்கள். கட்டம் 4 செ.மீ. இருந்தால் டிட், கோல்ட்ஃபிஞ்ச், ராபின் தாராளமாக நுழையும். பலர் கோட்டைவிடுவது இடைவெளியில்தான். கூண்டுக்கும் குழாய்க்கும் நடுவே 10 செ.மீ.யாவது வேண்டும். குறைந்தால் கிளி வெளியே தொற்றிக்கொண்டு கழுத்தை நீட்டி எடுத்துவிடும். துளை, மூடி, அடித்தட்டு எல்லாம் உலோகமாக இருக்கட்டும்.

கிளி பக்கத்தில் இருப்பதே மற்ற பறவைகளைத் தடுக்கிறது. 2014இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், தீனி அருகே கூண்டுக்கிளியை வைத்தாலே உள்ளூர்ப் பறவைகள் குறைவாகத் தின்றன. எனவே இரண்டாவது குழாயைப் புதர் ஓரமாக, முதல் குழாய் கண்ணில் படாத இடத்தில் மாட்டுங்கள். அதில் உச்செள்ளு (நைஜர் விதை) போடலாம். கோல்ட்ஃபிஞ்சுக்குப் பிடிக்கும், கிளி பெரும்பாலும் சீண்டாது.

கேள்வி கேட்டவர்:
கூண்டு வைத்தால் மரங்கொத்தியும் உள்ளே போக முடியாதே?

பதில் 2:
ஆமாம், மைனா போன்ற ஸ்டார்லிங்கும் போகாது. அவையும் வேண்டுமென்றால் எடை விழுந்ததும் துளை மூடிக்கொள்ளும் வகையை வாங்குங்கள், எடையை மாற்றியமைக்கும் திருகு இருக்க வேண்டும். ஸ்டார்லிங் சுமார் 80 கிராம், மரங்கொத்தி 85, கிளி 120 வாக்கில். 100 கிராமில் வைத்தால் கிளிக்கு மட்டும் மூடும். ஆனால் உட்காரும் கம்பியில் மட்டும் விசை இருந்தால் பயனில்லை. கிளி மூடியில் தலைகீழாகத் தொங்கித் தின்னும். வெளியுறை முழுதும் கீழிறங்கும் வகைதான் சரி.

பதில் 3:
அந்தப் புறா இந்தியாவிலும் உள்ள கள்ளிப்புறா. யாரும் கொண்டுவரவில்லை, ஐரோப்பா வழியாகத் தானே பரவி 1955இல் பிரிட்டனில் முதன்முதலாக, கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் குஞ்சு பொரித்தது. கிளி அப்படியல்ல, வளர்ப்பிலிருந்து தப்பியதும் விடப்பட்டதும் பெருகியது. 1969 முதல் இங்கே இனப்பெருக்கம் செய்கிறது. ஆனாலும் 1981 வனவிலங்குச் சட்டம் கிளிக்கும் பொருந்தும். உரிமம் இல்லாமல் பிடிக்கவோ கூட்டைக் கலைக்கவோ கூடாது.

கூட்டம் சேரும் இடத்தில் நோயும் சேரும். எச்சில் பட்ட தீனி வழியாகப் பரவும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிதான் இங்கே கிரீன்ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவிகளை வாரிக்கொண்டு போனது. வாரம் ஒருமுறை குழாயைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே நிரப்புங்கள். உப்புக்கடலை, மிக்சர் எந்தப் பறவைக்கும் வேண்டாம். இறகு சிலிர்த்து, விழுங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் இரண்டு வாரமாவது தீனியை நிறுத்துங்கள்.