தற்காலிகப் பணிநீக்கக் காலமும் முழு ஓய்வூதியமும்: நண்பர் ஒருவரின் கோப்பிலிருந்து

நான் தமிழ்நாடு காவல்துறையில் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். ஓய்வூதியத்திற்குரிய தகுதிப் பணிக்காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை, என்னுடன் பணியாற்றிய தலைமைக் காவலர் ஒருவரின் கோப்பைப் பின்தொடர்ந்தபோதுதான் முழுமையாக அறிந்தேன்.

அவர் 1989 தொடக்கத்தில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2019-இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். 30 ஆண்டுகள் நிறைந்துவிட்டதால், தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இன்படி கடைசி ஊதியத்தில் பாதி, அதாவது முழு ஓய்வூதியம், கிடைக்கும் என்றே இருந்தார். அலுவலகம் தயாரித்த ஓய்வூதியக் கருத்துருவிலோ (ஓய்வூதியம் கோரி அனுப்பும் முன்மொழிவு) 28 ஆண்டுகள் என்று எழுதியிருந்தார்கள். இடையில் இரண்டாண்டுகளுக்கு மேல் அவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்ததும், குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாமல் மீண்டும் பணியில் சேர்ந்ததும் பணிப்பதிவேட்டில் இருந்தன. ஆனால் அந்தக் காலத்தைப் பணிக்காலமாகக் கருதும் ஆணை பதிவாகவே இல்லை.

இதனால் வரும் இழப்பு சிறிதன்று. பணிக்காலத்தை அரையாண்டுகளாக எண்ணுவார்கள். 60 அரையாண்டுகளுக்கு முழு ஓய்வூதியம், குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். கடைசி ஊதியம் 60,000 ரூபாய் என்றால், 30,000 கிடைக்க வேண்டிய இடத்தில் 56 அரையாண்டுகளுக்கு 28,000தான் கிடைக்கும். அகவிலைப்படியும் அந்தக் குறைந்த தொகையின் மீதே வரும், பணிக்கொடையும் குறையும். குற்றமற்றவர் என்று முடிவான ஒருவர் ஆயுள் முழுவதும் இந்த இழப்பைச் சுமப்பது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடித்த இறுதி ஆணையின் நகல், அவர் முன்பு பணியாற்றிய மாவட்டத்தின் பழைய கோப்பில் கிடைத்தது. அதை இணைத்து விண்ணப்பித்த பிறகே அந்தக் காலம் முறைப்படுத்தப்பட்டு, திருத்திய கருத்துரு, ஓய்வூதியத்தை அங்கீகரிக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குச் சென்றது. அதற்குள் அவர் மகளின் திருமணத்தைக் கடன் வாங்கித்தான் நடத்தினார்.

மருத்துவச் சான்றின்றி எடுத்த ஊதியமில்லா விடுப்பும் இவ்வாறே கழிக்கப்படும். சான்று கொடுத்திருந்தால், அது விடுப்பு ஆணையிலும் பதிவேட்டிலும் குறிக்கப்பட்டுள்ளதா என்று பணியிலிருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த அரையாண்டுக் கணக்கு பொருந்தாது.