1969 கமாரோவைப் பேஸ் காராக ஓட்ட முடியுமா?

மூன்றாம்கியர் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1969 கமாரோ எஸ்எஸ் கன்வெர்ட்டிபிள் ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஜிம் ராத்மன் ஓட்டிய பேஸ் காரின் (பந்தயம் தொடங்கும்முன் மற்றக் கார்களைச் சீரான வேகத்தில் முன்னின்று அழைத்துச் செல்லும் கார்) அதே தோற்றத்தில், வெள்ளை உடலும் ஆரஞ்சுக் கோடுகளுமாகச் செவ்ரோலே பொதுமக்களுக்கு விற்ற 3,675 கார்களுள் இதுவும் ஒன்று. கலிஃபோர்னியாவில் நடக்கவிருக்கும் பழைய பந்தயக் கார்களின் போட்டி ஒன்றில் இதைப் பேஸ் காராக ஓட்டித் தருமாறு கேட்டிருக்கிறார்கள். ஒத்திகைக்காகப் பத்துச் சுற்றுகள் ஓட்டியபோது, ஆறாவது சுற்றிலிருந்து பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கிக் கீழே இறங்கத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளாக நான் பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் பொருத்திவிடலாமா, அல்லது இருப்பதை வைத்தே சமாளிக்கலாமா?

எண்ணெய்க்கறை எழுதியது:
பிரேக்கை மாற்றுவதற்கு முன்பு, பெடல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பெடல் கல்போல் உறுதியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், லைனிங் (பிரேக்கின் உராய்வுப் பட்டை) சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் சொல்வதுபோல் பஞ்சாக அமுங்கினால், ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கக்கூடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் என்றால், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 ஆகிவிடுகிறது. டாட் 4 ஊற்றினால் இவை முறையே 230, 155 ஆக உயரும். பின்சக்கரங்களில் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் உருளையை ஷூ என்னும் வளைந்த கட்டைகள் உள்ளிருந்து அழுத்தும் வகை) இருப்பதால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால், பெடல் வழக்கத்தைவிட அதிகத் தூரம் போகும். எனவே முதலில் ஆயிலை முழுவதுமாக மாற்றி, டிரம் இடைவெளியைச் சரிசெய்து, மறுபடி பத்துச் சுற்றுகள் ஓட்டுங்கள். அசல் காரை வெட்டி ஒட்டுவதைப் பிறகு யோசிக்கலாம்.

கொடிமேடை எழுதியது:
முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆயினும் பேஸ் காரின் உண்மையான சோதனை தடத்தில் அல்ல, பிட் லேனுக்குள் (கார்கள் நின்று பழுதுபார்க்கும் பக்கப் பாதை) நுழையும்போதுதான் வருகிறது. 1971 இண்டியானாபொலிஸில் உள்ளூர் டாட்ஜ் முகவர் ஒருவர் ஓட்டிய டாட்ஜ் சேலஞ்சர் பேஸ் கார், பந்தயத்தைத் தொடங்கிவைத்துவிட்டு மிகை வேகத்தில் பிட் லேனுக்குள் வந்து, கடைக்கோடியில் இருந்த புகைப்படக்காரர்களின் மேடையில் மோதியது. விண்வெளி வீரர் ஜான் க்ளென்னும் அந்தக் காரில் இருந்தார், பலர் காயமுற்றனர். பின்னால் வரும் கார்கள் நெருங்குகின்றன என்ற பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டு, நிற்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவது யாருக்கும் நேரக்கூடியது. பிரேக் பிடிக்கத் தொடங்கவேண்டிய இடத்தை, யாரும் நகர்த்த முடியாத சுவர், கம்பம் போன்ற ஒன்றை வைத்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, மிக மெதுவாகவும் போகாதீர்கள். பந்தயக் கார்களின் முதல் கியர் பெரும்பாலும் நீளமானது, அதாவது குறைந்த வேகத்துக்கு ஒத்துவராதது. ஊர்ந்தால் அவற்றின் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், கிளட்ச் எரியும், ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. விட்டுவிட்டு வேகமெடுப்பதைவிட ஒரே சீரான வேகமே அவர்களுக்கு வேண்டியது.

பழையஇரும்பு எழுதியது:
ஒரு சிறு எச்சரிக்கை: பேஸ் காரின்மேல் வைக்கும், காந்தத்தில் ஒட்டும் எச்சரிக்கை விளக்கு உங்கள் துணிக் கூரையில் நிற்காது. டிக்கி மூடியில் மெல்லிய துணி விரித்து அதன்மேல் வையுங்கள், இல்லையேல் பெயின்ட் கீறிவிடும். பழைய ஆல்டர்னேட்டருக்குச் சுமை குறைவாக இருக்கும்படி எல்இடி விளக்கையே வாங்குங்கள்.

மூன்றாம்கியர் எழுதியது:
மூவருக்கும் நன்றி. நேற்று ஆயிலை வெளியேற்றிப் பார்த்தபோது தேநீர் நிறத்தில் வந்தது, வெட்கமாகத்தான் இருந்தது. டாட் 4 ஊற்றியாயிற்று, டிரம் இடைவெளியையும் சரிசெய்தாயிற்று. பந்தயம் தொடங்கப்போவதைக் காட்ட, பேஸ் காரின் கடைசிச் சுற்றில் விளக்கை அணைக்கும் பொறுப்பைப் பக்கத்து இருக்கையில் அமர்பவரிடம் விட்டிருக்கிறேன். என் இரு கைகளும் ஸ்டீயரிங்கிலேயே இருக்கும்.