ஸ்டீரியோவை மாற்றியபின் கொடைக்கானல் பண்பலை இரைகிறது: ஆன்டெனாவை மாற்ற வேண்டுமா?

கேள்வி

வணக்கம். 2014ஆம் ஆண்டு வாங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ காரில் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே வாரத்தில் ஆறு நாள் சென்று வருகிறேன். காருடன் வந்த ஸ்டீரியோ பழுதானதால், சென்ற மாதம் ஒரு கடையில் தொடுதிரை உள்ள ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவைப் பொருத்தினேன். பாட்டின் ஒலியிலும் பின்பக்கக் கேமராவிலும் குறையில்லை. வானொலிதான் கெட்டுவிட்டது. முன்பு வாடிப்பட்டி, கொடைரோடு என்று வழி நெடுகத் தெளிவாகக் கேட்ட கொடைக்கானல் பண்பலை 100.5 இப்போது இரைச்சலுக்குள் மூழ்கி மூழ்கி எழுகிறது. மதுரை நகருக்குள்ளேயே 98.3 சுமாராகத்தான் கேட்கிறது, 106.4இல் நிறுத்தவே முடியவில்லை, 106.3இலிருந்து 106.5க்குத் தாவிவிடுகிறது. கூரையில் உள்ள ஆன்டெனா பழையதாகிவிட்டது, அதை மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். காலைப் பயணத்தில் எனக்கு வானொலிதான் துணை என்பதால், செலவு செய்வதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மறுமொழி 1

ஆன்டெனாவை இப்போதைக்குத் தொடாதீர்கள், ஐயா. பழைய ஸ்டீரியோ இருந்தவரை அதே ஆன்டெனாவில் நன்றாகக் கேட்டது என்றால், ஸ்டீரியோவை மாற்றிய அன்று விடுபட்டுப்போன ஏதோ ஒன்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கான 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆன்டெனா இருந்தால் எந்த உதவியும் இல்லாமல் நன்றாக வாங்கும். உங்கள் காரின் கூரையில் இருப்பது அதைவிட மிகக் குட்டையானது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அதன் அடிப்பாகத்திலேயே சிக்னலைப் பெருக்கும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையரை வைத்திருக்கிறார்கள். அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கொண்டுசெல்லத் தனி வயர் கிடையாது. வானொலிச் சிக்னல் கீழே இறங்கிவரும் அதே கேபிளின் வழியாகப் பழைய ஸ்டீரியோ மின்சாரத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்கள் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வதில்லை. ஆகவே ஆம்ப்ளிஃபையர் இப்போது மின்சாரமின்றிக் கிடக்கிறது என்றே நினைக்கிறேன். மின்சாரம் இல்லாத ஆம்ப்ளிஃபையர் சும்மா இருந்துவிடாமல் வருகிற சிக்னலையும் தடுத்து நிறுத்திவிடும்.

உங்கள் காரின் ஆன்டெனா கேபிள் ஃபாக்ரா என்னும் வகை முனையில் முடியும். அதைப் புதிய ஸ்டீரியோவின் உருண்டைத் துளையில் செருக ஒரு அடாப்டர் போட்டிருப்பார்கள். விலை குறைந்த அடாப்டர் சிக்னலை மட்டும் கடத்தும். உங்களுக்கு வேண்டியது, பக்கவாட்டில் ஒரு நீல வயர் நீட்டிக்கொண்டிருக்கும் அடாப்டர். அந்த வயரை ஸ்டீரியோவின் பின்னால் ஆன்டெனாவுக்கென்று உள்ள நீல வயருடன் இணைக்க வேண்டும். அது இல்லையென்றால், ஸ்பீக்கர்களுக்கான தனி ஆம்ப்ளிஃபையரை இயக்க ஸ்டீரியோவில் உள்ள நீல வெள்ளை வயருடன் இணைக்கலாம்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. ஸ்டீரியோவை வெளியே இழுத்து, வானொலி ஓடும்போதே ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். கேட்பதில் பெரிய மாற்றம் இல்லையென்றால் கூரையிலிருந்து சிக்னல் இறங்கவே இல்லை என்று பொருள். மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: ஸ்டீரியோவை இயக்கிவிட்டு, அடாப்டரில் கார் கேபிள் செருகும் ஃபாக்ரா முனையின் நடு ஊசிக்கும் கார் பாடிக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 12 வோல்ட் காட்ட வேண்டும்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். சில கடைகளில் அவசரத்தில் அடாப்டரின் நீல வயரை மஞ்சள் வயரோடு முறுக்கி விட்டுவிடுகிறார்கள். மஞ்சளில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், சாவியை எடுத்த பின்னும் ஆம்ப்ளிஃபையர் ஓடிக்கொண்டே இருக்கும். காரைச் சில வாரம் எடுக்காமல் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடும்.

106.4இல் நிற்காதது தனிப் பிரச்சினை, அதற்கும் ஆன்டெனாவுக்கும் தொடர்பில்லை. ஸ்டீரியோவின் வானொலி அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருக்கும். அங்கே நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டுமே வரும். அதனால்தான் 98.3, 100.5 ஆகியவற்றில் நிற்கும் உங்கள் ஸ்டீரியோ 106.4ஐத் தாண்டிக் குதிக்கிறது. ஐரோப்பா என்று மாற்றினால் சரியாகிவிடும். அங்கேயே அருகில் உள்ள நிலையங்களை மட்டும் எடுக்கும் "லோக்கல்" தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

டேஷ்கேமோ சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜரோ வைத்திருக்கிறீர்களா? மலிவான சார்ஜர்கள் பண்பலை வரிசை முழுவதும் இரைச்சலைப் பரப்பும். அவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறன்று ஸ்டீரியோவை வெளியே எடுத்தேன். ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கியபோது இரைச்சல் அப்படியே இருந்தது. அடாப்டர் சரியான வகைதான். ஆனால் அதன் நீல வயரை எதனோடும் சேர்க்காமல் டேப் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்டீரியோவின் நீல வயரோடு இணைத்த அடுத்த நொடியே 100.5 நிறைந்த ஒலியோடு வந்தது. நாட்டை மாற்றியதும் 106.4 நின்றது. சார்ஜரைச் செருகினால் மட்டும் மெல்லிய சீறல் கேட்கிறது, அதை மாற்றப் போகிறேன்.

நத்தம் பக்கம் போகும்போது 100.5 இன்னும் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. இதற்கும் ஏதேனும் செய்ய முடியுமா?

மறுமொழி 1

அது உங்கள் காரின் குறையன்று. பண்பலை அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. நத்தத்துக்கும் கொடைக்கானலுக்கும் குறுக்கே சிறுமலை நிற்கிறது. பழைய ஸ்டீரியோவிலும் அங்கே அப்படித்தான் கேட்டிருக்கும்.